பார்க்காமல் விட்ட கல் கப்பல்

எழுத வேண்டும் என்று உட்கார்வேன். ஒரு வரி எழுதுவேன். பிறகு அடுப்பில் பால் இருக்கிறது, வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று ஏதாவது ஒரு சாக்கில் எழுந்து போய்விடுவேன். இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. பெரியப்பா இருந்தவரைக்கும் அவர் மனசு நோகுமே என்று பயம். அவருக்குப் பிறகு அத்தை இருந்தாள். அத்தையும் பெருமாள் திருவடி சேர்ந்தாயிற்று. இனி யாருக்குப் பயப்படுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

மார்கழியில் என்னோடு கோஷ்டியில் சேர்ந்து பாடுகிற என் வயசுக்காரிகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். அத்தை கதையை நீங்கள் ஆளுக்கொரு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். நான் எட்டாவதோடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை இல்லை.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் குடும்பத்துக்கு மஞ்சள் குங்குமக் கடை. கோயிலுக்குப் போகிற வழியிலேயே கடை, கடைக்குப் பின்னால் வீடு. பெரியப்பா, பெரியம்மா, அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாரும் ஒரே சமையல். அத்தையும் எங்களோடுதான். அப்பாவுக்குத் தங்கை. கல்யாணம் ஆன கொஞ்ச மாதத்திலேயே மாமா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்குக்குப் பிழைக்கப் போனார். முதலில் கடிதாசி வந்தது. ஒரு தடவை நீலப் பூப்போட்ட சீலைத்துணி வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. அங்கிருந்து திரும்பினவர்களைக் கேட்டால் ஒருத்தர் இறந்துபோனார் என்பார், இன்னொருத்தர் வேறே ஊருக்கு வேலை மாறிப் போய்விட்டார் என்பார். எதுவும் நிச்சயம் இல்லை.

அப்படிக் காணாமல் போனவருக்குப் பன்னிரண்டு வருஷம் பார்ப்பார்கள். அதற்கு மேல் இல்லை என்று வைத்துக் காரியம் செய்துவிடுவார்கள். அது எங்களில் வழக்கம். அந்தக் கெடு தாண்டின வருஷத்தில்தான் இது நடந்தது. எனக்கு அப்போது மூன்றாம் வகுப்பு.

அத்தையை எங்கே நிறுத்துவது என்று யாருக்கும் தெரியாத காலம் அது. வளைகாப்புக்குக் கூப்பிடுவார்கள், போனால் வளையல் போடச் சொல்ல மாட்டார்கள். கூப்பிடாமல் விட்டால் பெரியம்மாவே சண்டைக்குப் போவாள். ஆடிப் பதினெட்டுக்கு அம்மா மண்டபப் படித்துறையில் பெண்கள் எல்லாம் பழைய மஞ்சள் கயிற்றைக் கழற்றி ஆற்றில் விட்டுப் புதுக்கயிறு மாற்றிக்கொள்வார்களே, அத்தையும் மாற்றிக்கொள்வாள். பக்கத்தில் நிற்கிற பெண்கள் கொஞ்சம் நகர்ந்து நிற்பார்கள். எனக்கு இடம் விடுகிறார்கள் என்று நினைத்து நான் உள்ளே புகுந்து நிற்பேன்.

அந்த ஆனி மாதம் காவேரியில் புதுத்தண்ணீர் வந்திருந்தது. ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது பெரியப்பா திடீரென்று சொன்னார்: "ஞாயித்துக்கிழமை எல்லாரும் கடல் பார்க்கப் போறோம். மாயவரத்துக்குக் கிழக்க, வெள்ளைக்காரன் கட்டின கோட்டை இருக்கு. அதைச் சுத்திப் பூங்கா போட்டிருக்காங்க."

எங்களுக்குக் கை கால் ஓடவில்லை. கடையை ஒருநாள் அடைத்துச் சமயபுரம் போகவே யோசிக்கிற மனுஷர் அவர். பெரியப்பா மகன், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவன், எழுந்து நின்று கத்தினான்: "முதல்ல கடல்! இறங்கின உடனே கடல்!"

"அடி விழும். அலை இழுத்துட்டுப் போயிடும்டா." பெரியப்பா அப்போதுதான் கோயிலிலிருந்து வந்திருந்தார். மடியில் இருந்த துளசிப் பிரசாதத்தைக் கையில் எடுத்தார். "இதோ, பெருமாள் துளசி மேல சொல்றேன். அங்க இருக்கிறதை ஒண்ணு விடாம பார்த்து முடிச்ச பிறகுதான் கடல். அதுவரைக்கும் யாரும் கடல் மணல்ல கால் வைக்கக் கூடாது. நான் உட்பட. சரியா?"

பிள்ளைகள் நடந்து களைத்துக் காரிலேயே தூங்கிவிடுவார்கள், அதன்பிறகு பெரியவர்கள் கடல் பக்கம் போகலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். இது எனக்கு இப்போது புரிகிறது. அன்றைக்கு அவர் எங்களுக்காகச் சத்தியம் செய்கிறார் என்று பெருமையாக இருந்தது. அத்தை மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

கிளம்பின விடியற்காலையில் இன்னொரு குழப்பம். அம்மா கைக்குழந்தையோடு வீட்டில், அப்பா கடையில் என்று முடிவு. போகிறவர்களுக்கு அம்மாதான் பூ வைத்துவிட்டாள். எனக்கு ஒரு சாண். அத்தைக்கு அடுக்கடுக்காக, தலையைத் தூக்க முடியாத அளவுக்கு மல்லி, நடுவில் மரிக்கொழுந்து. "எனக்கு மட்டும் ஏன் இத்துனூண்டு?" என்று நான் காலை உதைத்தேன். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சளி பிடித்திருக்கிறது என்று நினைத்தேன்.

வாடகைக் காரில் பெரியப்பா முன்னால். பின்னால் பெரியம்மா, அத்தை, நாங்கள் இரண்டு பேர். காருக்குள் மல்லி வாசனையும் புளியோதரை வாசனையும் பெட்ரோல் வாசனையும் கலந்து எனக்குக் குமட்டியது. பெரியம்மா மடியில் ஒரு துணிப்பை. அதை அவள் யாரிடமும் கொடுக்கவில்லை. வழி நெடுகக் காவேரி கூடவே வந்தது, போகப் போக இளைத்துக்கொண்டே. மாயவரம் வந்தபோது எங்கள் ஊர்க் காவேரியா இது என்று கேட்கிற மாதிரி ஆகிவிட்டது.

"கடல்ல சேர்றதுக்குள்ள ஒண்ணுமே மிஞ்சாது போலிருக்கே அத்தை" என்றான் அண்ணன்.

"மிஞ்சும்டா. கொஞ்சமாவது மிஞ்சும்" என்றாள் அத்தை.

கோட்டை நான் நினைத்த மாதிரி இல்லை. மஞ்சள் சுண்ணாம்பு அடித்து, கல்யாணச் சத்திரம் மாதிரி இருந்தது. முன்னால் புல்தரை, சவுக்கு மரங்கள், இரும்பு ஊஞ்சல், சிமெண்டில் செய்த மான். கடல் கண்ணுக்குத் தெரியவில்லை, சுவருக்குப் பின்னால் இரைந்துகொண்டிருந்தது. காற்றில் உப்புப் பிசுபிசுப்பு. என் பாவாடை காலில் ஒட்டிக்கொண்டது.

வாசலில் ஒரு காவலாளி. காக்கிச் சட்டைக்குக் கீழே வேஷ்டி கட்டியிருந்தார். யாருமே வராத இடத்துக்கு ஒரு குடும்பமே வந்துவிட்டதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"சுத்திப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார் பெரியப்பா.

"ஓடிட்டே பார்த்தா அரை மணி. பார்க்கிற மாதிரி பார்த்தா அரை நாள்."

"பார்க்கிற மாதிரியே பார்ப்போம்" என்று அத்தை முந்திக்கொண்டு சொன்னாள். வெளி ஆம்பிளையிடம் அத்தை வாய் திறந்து பேசி நான் கேட்டதே அன்றைக்குத்தான்.

அதன்பிறகு அத்தை வேறே ஆள் ஆகிவிட்டாள். வீட்டில் கடைவாசல் வரைக்கும்கூட வராதவள், பீரங்கியைக் கையால் தட்டிப் பார்த்தாள். அதன் வாய்க்குள் கைவிட்டாள். "இதுக்குள்ள குருவி கூடு கட்டியிருக்கு, வந்து பாருங்க" என்று எங்களைத் தூக்கிக் காட்டினாள். வெடிமருந்துக் கிடங்கு என்று ஒரு குனிந்து போகிற இருட்டு அறை. அதற்குள் போய் நின்று, "அண்ணே, இங்க வாங்களேன், எவ்வளவு குளிர்ச்சி" என்றாள். உப்புக் கடலோரத்தில் நல்ல தண்ணீர் ஊறுகிற கிணறு இருந்தது. அந்தத் தண்ணீரை இறைக்கச் சொல்லிக் குடித்தாள். திமிங்கில எலும்பு ஒன்று ஒரு அறையில் கிடந்தது, எங்கள் வீட்டு உத்தரம் அளவுக்கு. அதை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து பார்த்தாள். மூக்கு உடைந்த கல் சிங்கத்தைப் பார்த்து, "இவருக்கு நம்ம கடைக் குங்குமம் கொஞ்சம் வச்சா நல்லாருக்கும்" என்றாள். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். பெரியம்மா சிரிக்கவில்லை.

பெரியப்பா அடிக்கடி வானத்தைப் பார்த்தார். சவுக்கு மரங்களுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் குடையோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். குடை ரிப்பேர் செய்கிறவர் போலிருக்கிறது என்று நினைத்தேன். மறுபடியும் வந்தார். இந்தத் தடவை பெரியப்பா பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "அமாவாசை மதியத்தோட விட்டுடுது. தர்ப்பை எல்லாம் எடுத்து வச்சிட்டுக் காத்திருக்கேன். இன்னும் எவ்வளவு நேரம்?"

"இதோ, ஆச்சு" என்றார் பெரியப்பா.

குடைக்காரருக்குத் தர்ப்பை எதற்கு என்று நான் அண்ணனிடம் கேட்டேன். "குடைக்குள்ள வைப்பாங்க, மழை ஒழுகாது" என்றான். நம்பினேன்.

பெரியப்பா திரும்பி, "போதும்மா. வா, கடல் பக்கம் போவோம்" என்றார்.

"இன்னும் கொடிமேடை ஏறலையே அண்ணே."

"கொடிமேடையில என்ன இருக்கு? ஒரு கம்பம் இருக்கும்."

"இருக்கட்டும். ஒண்ணு விடாமன்னு சொன்னீங்க. பெருமாள் துளசியைக் கையில வச்சிட்டுச் சொன்னீங்க." அத்தை இதைச் சத்தமாகச் சொல்லவில்லை. உப்பு எடுத்து வா என்று சொல்கிற குரல்தான்.

பெரியப்பா காவலாளியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். கொடிமேடை ஏறினோம். மேலே நின்றால் கடல் தெரிந்தது. நான் முதன்முதலில் கடலைப் பார்த்தது அங்கிருந்துதான். அழகாக இருக்கிறதா, பயமாக இருக்கிறதா என்று சொல்லத் தெரியவில்லை. அத்தை கடலைப் பார்க்கவில்லை. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வந்த வழியைப் பார்த்து நின்றாள்.

இறங்கி வந்ததும் பசி என்று நாங்கள் அழ ஆரம்பித்தோம். தோட்டக்காரர் அப்போதுதான் தண்ணீர் விட்டிருந்ததால் புல்தரை நசநசவென்று இருந்தது. உட்கார ஒன்றும் இல்லை. அத்தை பெரியம்மா கையிலிருந்த துணிப்பையை வாங்கினாள். வாங்கினாள் என்றா சொல்வது, பிடுங்கினாள் என்றா? பெரியம்மா விடாமல் ஒரு நிமிஷம் பிடித்திருந்தாள், பிறகு விட்டுவிட்டாள். பைக்குள்ளிருந்து அத்தை ஒரு புதுப் புடவையை எடுத்தாள். வெள்ளை. கரை கிடையாது. கஞ்சி மொடமொடப்போடு மடிப்புக் கலையாமல் இருந்தது. அதை உதறிப் புல்லின் மேல் விரித்தாள்.

"உட்காருங்க பிள்ளைங்களா. ஈரம் தெரியாது."

நாங்கள் உட்கார்ந்தோம். அவளே புளியோதரையை எடுத்து எங்கள் இலையில் வைத்தாள். அண்ணன் கையிலிருந்து ஒரு உருண்டை நழுவி விழுந்து வெள்ளைப் புடவையில் மஞ்சள் எண்ணெயாகப் பரவியது. பெரியம்மா அடிக்கப் போகிறாள் என்று அவன் முதுகை வளைத்துக்கொண்டான். யாரும் அடிக்கவில்லை. பெரியம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஊஞ்சல் பக்கம் போனாள். பெரியப்பா நின்றுகொண்டே இருந்தார்.

இந்த இடத்தில்தான் எனக்கு இன்றைக்கு வரைக்கும் குழப்பம். அத்தைக்கு எப்போது தெரிந்தது? மோர் ஊற்றின ராத்திரியா? அம்மா பூ வைத்தபோதா? இல்லை, பையைப் பிடுங்கின நிமிஷம்தானா? அம்மாவைக் கேட்டேன், தெரியாது என்றாள். அத்தையைக் கேட்கத் துணிச்சல் வந்ததே இல்லை.

சாப்பிட்டு முடித்தபோது நிழல் காலுக்கடியில் வந்துவிட்டது. குடைக்காரர் தூரத்திலிருந்தே பெரியப்பாவைப் பார்த்துக் கையை விரித்தார். திதி போய்விட்டது என்று அர்த்தம் என்று இப்போது தெரிகிறது. தர்ப்பையையும் குடையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் போய்விட்டார்.

காவலாளிக்கு இது ஒன்றும் தெரியாது. கை துடைத்துக்கொண்டு சந்தோஷமாக வந்தார். "அம்மா, இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி. கோட்டைக்குப் பின்னாடி கடல் பார்த்த சுவர்ல ஒரு கல்லுல கப்பல் செதுக்கியிருக்கு. பாய்மரம், கயிறு எல்லாம் அச்சு அசலா இருக்கும். அதைப் பார்த்துட்டீங்கன்னா இங்க எல்லாத்தையும் பார்த்த மாதிரி."

அத்தை முகம் என்னவோ போல ஆனது. அன்றைக்கு முழுக்க ஒரு வார்த்தைகூடக் கோபமாகப் பேசாத பெரியப்பா அப்போதுதான் கத்தினார்: "போ! அதையும் பார்த்துடு! அதை மட்டும் எதுக்கு விட்டு வைக்கணும்?"

"வேண்டாம்ணே." அத்தை புடவையை மடித்தாள், கறை உள்பக்கம் போகும்படி. "அது பாக்கி இருக்கட்டும்."

"அப்போ கடல்?" என்று அண்ணன் கேட்டான்.

"கடல் கிடையாது. ஒண்ணு விட்டுப்போச்சு இல்ல? உங்கப்பா சத்தியம் பண்ணியிருக்காரே."

நாங்கள் உருண்டு புரண்டு அழுதோம். கடல் பார்க்க என்று கிளம்பி, அலைச் சத்தம் காதில் விழுகிற தூரத்தில் அரை நாள் இருந்து, கால்கூட நனைக்காமல் திரும்பின பிள்ளைகள் உலகத்தில் நாங்கள் மட்டும்தான் இருப்போம். அன்றைக்கு அத்தை மேல் எனக்கு வந்த கோபம் பல நாள் இருந்தது. எங்களுக்குப் பிடித்த அத்தை ஏன் எங்கள் கடலைப் பறித்தாள் என்று நினைத்து நினைத்து அழுதிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வாசலுக்கு ஓடிவந்தாள். காரிலிருந்து இறங்கின அத்தை தலையைத்தான் முதலில் பார்த்தாள். பூ வாடிக் கறுத்துக் கிடந்தது, ஆனால் இருந்தது. அம்மா அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள். நல்லபடியாகத் திரும்பி வந்ததற்கு எதற்கு அழுகை என்று எனக்குப் புரியவில்லை.

அந்த வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு வழக்கம்போல அம்மா மண்டபம் போனோம். அத்தை புதுக்கயிற்றை எடுத்ததும் பக்கத்துப் பெண்கள் வழக்கம்போல நகர்ந்தார்கள். பெரியம்மா அவர்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். "குடு இப்படி" என்று கயிற்றை வாங்கி, அத்தை கழுத்தில் தானே முடிச்சுப் போட்டாள். நறுக்கென்று இறுக்கிப் போட்டாள். "வலிக்குது அண்ணி" என்று அத்தை சிரித்தாள்.

பெரியப்பா அதற்குப் பிறகும் ஒரு தடவை காரியப் பேச்சை எடுத்தார். அண்ணனுக்குப் பெண் பார்க்கிற காலம். வருகிறவர்கள் எல்லாம் அத்தையைப் பற்றிக் கேட்டார்கள். அத்தை கீரை ஆய்ந்துகொண்டே, "இன்னும் ஒண்ணு பார்க்கலையே அண்ணே" என்றாள். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

இதிலும் எனக்குக் குழப்பம்தான். அவர் சத்தியம் செய்தது அந்தக் கடலுக்கு மட்டும்தானே? எதிரிலேயே காவேரி ஓடுகிறது. மாதாமாதம் அமாவாசை வருகிறது. வேண்டும் என்று நினைத்திருந்தால் எப்போது வேண்டுமானாலும் முடித்திருக்கலாம். ஏன் முடிக்கவில்லை? துளசிக்குக் கட்டுப்பட்டாரா? இல்லை, கட்டுப்பட ஒரு காரணம் கிடைத்ததே என்று இருந்துவிட்டாரா? சின்ன வயசில் அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. எப்படி நினைப்பது என்றும் தெரியவில்லை.

அத்தை தள்ளாத வயசு வரைக்கும் இருந்தாள். போன அன்றைக்குக் குளிப்பாட்டி வைத்துவிட்டு, எந்தப் புடவை கட்டுவது, குங்குமம் வைப்பதா வேண்டாமா என்று பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எங்கள் அம்மாவுக்கு அப்போது கண் சரியாகத் தெரியாது. தடவிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். "பூவை எடுங்க" என்றாள். அடுக்கடுக்காக வைத்தாள்.

போன மாசி மாதம் மகன் எங்களை அந்தப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். இப்போது டிக்கெட் கொடுக்கிறார்கள். சிமெண்ட் மான் இல்லை. இரும்பு ஊஞ்சல் இருந்த இடத்தில் கலர் கலராகப் பிளாஸ்டிக் சறுக்கு. புல்தரையில் பிள்ளைகள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பீரங்கி அப்படியே இருக்கிறது. வாய்க்குள் எட்டிப் பார்த்தேன், கூடு இல்லை, சிப்ஸ் பாக்கெட்தான் கிடந்தது. கிணற்றைக் கம்பி போட்டு மூடியிருக்கிறார்கள். மருந்துக் கிடங்கின் குளிர்ச்சி மாறவில்லை.

பேத்தி பின்பக்கத்திலிருந்து ஓடிவந்தாள். "பாட்டி, அந்தச் சுவர்ல ஒரு கப்பல் இருக்கு, சூப்பரா இருக்கு, வாங்க!" என்று கையைப் பிடித்து இழுத்தாள். நாலு எட்டு வைத்தால் சுவர் மூலை. திரும்பினால் கப்பல். என் கால் போகவில்லை.

"வேண்டாம் கண்ணு. அது இருக்கட்டும்."

"நான் போட்டோ எடுத்திருக்கேன், அதையாவது பாருங்க."

"அதுவும் வேண்டாம்."

"அப்போ கடலுக்கு வாங்க."

கடலுக்கும் போகவில்லை. ஊஞ்சல் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். பிள்ளைகள் மட்டும் போய்க் கால் நனைத்துவிட்டு வந்தார்கள். பாட்டிக்கு முட்டிவலி என்று மருமகள் சொல்லிக்கொண்டிருந்தாள். சரி என்று விட்டுவிட்டேன்.

என் வயசுக்காரிகளே, உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது மாமா கடைசியில் திரும்பி வந்தார் என்று சேர்த்துவிடாதீர்கள். நம் வீதியில் சிலர் அப்படிச் சொல்கிறார்கள். அவர் அங்கேயே இறந்துபோனார் என்றும் முடித்துவிடாதீர்கள், சிலர் அப்படியும் சொல்கிறார்கள். பெரியப்பாவைக் கெட்டவராக ஆக்காதீர்கள். அத்தைக்கு எல்லாம் முன்னமே தெரியும் என்றும் சொல்லாதீர்கள். எனக்குத் தெரியாத இடத்தில் தெரியாது என்றே சொல்லுங்கள். பின்பக்கச் சுவரில் அந்தக் கப்பல் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், அதை இன்னும் பார்க்கவில்லை என்று சொல்லுங்கள்.